வலது கண்ணில் தண்ணீர்

என் வலது கண்ணில் தண்ணீர் வர ஆரம்பித்தபோது எனக்கு அறுபத்தொன்று முடிந்திருந்தது. அழுகை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த ஒன்றரை வருடம் பார்த்தவர்களிடமெல்லாம் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதிப் பேர் நம்பவில்லை.

மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பத்து மூன்று வருடம் பி.டி. டீச்சராக இருந்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் மைதானத்தை விடவில்லை. பள்ளிகளுக்கு இடையே நடக்கும் தடகளப் போட்டிகளில் நீளம் தாண்டுதலுக்கு நடுவராகப் போவேன். ஓடிவரும் பெண் கால் ஊன்றித் தாண்டுவதற்குத் தரையில் ஒரு வெள்ளைப் பலகை பதித்திருப்பார்கள். அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவள் நான். ஒரு கையில் சரியான தாண்டலுக்கு வெள்ளைக் கொடி, இன்னொரு கையில் ஃபவுலுக்குச் சிவப்புக் கொடி. ஷூவின் நுனி பலகையின் விளிம்பைத் தாண்டியதா இல்லையா, அதை மட்டும் பார்த்துச் சொன்னால் போதும். கேட்க எளிதாக இருக்கும். ஓடிவருகிறவளின் கால் அந்தப் பலகையில் எவ்வளவு நேரம் இருக்கும் என்று உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மந்தைவெளியில் ஒரு மாடி போர்ஷனில் தனியாக இருக்கிறேன். இதையும் இங்கேயே சொல்ல வேண்டியிருக்கிறது. தனியாக இருக்கும் பெண்ணின் கண்ணில் தண்ணீர் வந்தால் ஊருக்கு அதற்கு ஒரே காரணம்தான் தோன்றுகிறது.

முதலில் காலைக் காற்றில் மட்டும் வந்தது. மயிலாப்பூர்க் கோயில் குளத்தருகே காய்கறி வாங்கும்போது கன்னத்தில் ஒரு கோடு இறங்கும். புறங்கையால் துடைத்துவிட்டுப் பேரம் பேசுவேன். காய்க்காரப் பெண் பேரத்தை நிறுத்திவிட்டுக் கொத்தமல்லியைக் கூடுதலாகப் போட்டாள். எல்லாம் சரியாகிவிடும் என்று மெல்லிய குரலில் சொன்னாள். எது சரியாகிவிடும் என்று கேட்டேன். அவள் பையை நீட்டினாள். வங்கியில் என் வரிசை எண் வருவதற்கு முன்பே கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். பேருந்தில் காலேஜ் பெண்ணொருத்தி எழுந்து இடம் கொடுத்துவிட்டு, ஒரு டிஷ்யூவையும் கையில் திணித்தாள். நான் இரண்டு மணி நேரம் வெயிலில் நின்று போட்டி நடத்திவிட்டு வந்த நாள் அது. இடம் தேவைதான். ஆனால் அந்தக் காரணத்துக்காக வேண்டாம் என்று நின்றுகொண்டே வந்தேன்.

உச்சம், தி.நகரில் நடந்த ஒரு கல்யாணம். என்னோடு வேலை பார்த்த கணக்கு டீச்சரின் மகளுக்கு முகூர்த்தம். ஏ.சி. காற்று நேராக முகத்தில் அடித்தது. தாலி கட்டும் நேரத்தில் கண் நிற்காமல் வழிந்தது. வீடியோக்காரர் விளக்கோடு என் பக்கம் திரும்பி, வெகுநேரம் என் முகத்திலேயே நின்றார். ஒரு மாதம் கழித்துக் கணக்கு டீச்சர் போன் செய்தார். என் பெண் மேல் உனக்கு இவ்வளவு பாசமா, எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று தழுதழுத்தார். அந்தப் பெண்ணை நான் மொத்தம் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். அது கண் கோளாறு என்றேன். நீ எப்பவும் இப்படித்தான், மறைத்துக்கொள்வாய் என்றார்.

அண்ணியிடம்தான் எதையும் மறைக்க முடியாது. அண்ணி என் அண்ணனின் மனைவி. நானும் அண்ணனும் பிறந்து வளர்ந்தது அடையாற்றங்கரைக் குடிசைப் பகுதியில். நான் படித்து வேலைக்குப் போய் மந்தைவெளிக்கு வந்துவிட்டேன். அண்ணனும் அண்ணியும் அங்கேயே கல்லுச் சுவர் எழுப்பி வாழ்ந்தார்கள். சில வருடங்களுக்கு முன் அந்த வீடுகளையெல்லாம் இடித்து, எல்லோரையும் ஊருக்கு வெளியே தூரத்து அடுக்குமாடிக்கு அனுப்பிவிட்டார்கள். அண்ணி இன்றைக்கும் இரண்டு பேருந்து மாறி ஆழ்வார்பேட்டைக்கு ஒரு வீட்டில் சமையல் செய்ய வருகிறாள். வேலை முடிந்து திரும்பும்போது என் வீட்டில் டீ குடித்துவிட்டுப் போவாள்.

"இன்னா டீச்சரு, ஊத்திக்கினே கீது?" என்றாள் ஒருநாள். வேலை கிடைத்த நாளிலிருந்து அவளுக்கு நான் டீச்சர்தான்.

காற்று என்றேன்.

"வூட்டுக்குள்ள இன்னா காத்து?"

நான் டீயை ஆற்றினேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலாகாலத்தில் ஒருத்தனைப் பார்த்துக் கட்டிவைத்திருக்க வேண்டும், உன் அண்ணன் விட்டுவிட்டார், இப்போது நீ தனியாக உட்கார்ந்து கண் கலங்குகிறாய் என்று ஆரம்பித்தாள். எனக்குக் கோபம் வந்தது. நான் கல்யாணம் வேண்டாம் என்று சொன்னபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. சந்தோஷமாகத்தான் சொன்னேன். முப்பது வருடம் கழித்து ஒரு கண் மட்டும் அதற்காக அழும் என்றால் எப்படி? அதுவும் வலது மட்டும்? இதைக் கேட்டபோது அண்ணி சிரித்தாள். சிரித்துவிட்டு மறுபடியும் கவலையாகப் பார்த்தாள்.

கர்ச்சீப்பால் அழுத்தி, கன்னம் நோக்கி இழுத்து இழுத்துத் துடைப்பேன். ஒரு நாளில் மூன்று கர்ச்சீப் நனையும். கீழ் இமையின் ஓரம் சிவந்து தொங்கலாகிவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் எனக்கே நான் அழுதவள் மாதிரிதான் இருந்தேன்.

ஒரு கண் டாக்டரிடம் போனேன். இளைஞர். விளக்கடித்துப் பார்த்துவிட்டு, வயசாச்சு இல்லையா, இதெல்லாம் வரும், சொட்டு மருந்து போட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

"வயசுங்கிற நோய் உங்க புத்தகத்துல எந்தப் பக்கத்துல இருக்கு, டாக்டர்?" என்று கேட்டேன்.

அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். சொட்டு மருந்து ஒன்றும் செய்யவில்லை. கோபத்தில் நான் வேறு யாரிடமும் போகவில்லை. இந்தத் தண்ணீரோடே காலம் தள்ளிக் காட்டுகிறேன் என்று ஒரு பிடிவாதம். அதை இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால் அந்தப் பிடிவாதத்துக்கு விலை கொடுத்தது நான் இல்லை.

நந்தனத்தில் ஒரு மைதானம். பதினேழு வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான நீளம் தாண்டுதல். மண் பறக்கும் காற்று. பலகைக்கு அடுத்து ஈரக் களிமண்ணை ஒரு பட்டையாகப் பூசியிருந்தோம். விளிம்பைத் தாண்டிய கால் அதில் தடம் விடும். இரண்டாவது சுற்றில் ஒரு பெண் நன்றாகத் தாண்டினாள். நான் சிவப்புக் கொடியைத் தூக்கினேன். அவளுடைய பயிற்சியாளர், நாற்பது வயதிருக்கும், கயிற்றைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். போட்டிச் செயலாளரையும் கூப்பிட்டார். செயலாளரும் என்னைப் போலவே ஓய்வு பெற்ற பி.டி. மாஸ்டர், இருபது வருடப் பழக்கம்.

"சார், மேடம் கண்ணைப் பாருங்க. காலையிலேர்ந்து ஊத்திட்டே இருக்கு. இவங்க எப்படி சார் நுனியப் பார்ப்பாங்க?"

சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் எழுந்தேன். பயிற்சியாளரைப் பலகைக்குப் பக்கத்தில் குந்தி உட்காரச் சொன்னேன். அவர் தயங்கினார். உட்காருங்கள் என்று பள்ளிக்கூட மைதானத்துக் குரலில் சொன்னேன், உட்கார்ந்துவிட்டார். களிமண்ணில் ஷூ நுனியின் தடம் பிறை மாதிரித் தெளிவாக இருந்தது. விரலால் தொட்டுக் காட்டினேன். இது என்ன என்று கேட்டேன். அவர் எழுந்து பேண்ட்டைத் தட்டிக்கொண்டார். செயலாளர் ஃபவுல்தான் என்று அறிவித்தார்.

அப்போது எனக்கு வந்த திமிர் இருக்கிறதே. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. வழியட்டும், பார்க்கட்டும் என்று இருந்தேன்.

மூன்று பேர் தாண்டி முடித்த பிறகு வேறொரு பள்ளிப் பெண் ஓடிவந்தாள். ஒல்லியான, நீண்ட கால்கள். ஓட்டமே அழகாக இருந்தது. அவள் கால் பலகையைத் தொடும் அந்த நொடியில் என் வலது கண்ணில் தேங்கியிருந்த நீர் விளிம்பு வரை ததும்பிப் பார்வையை மறைத்தது. இடது கண்ணில் மண் விழுந்து மூடிக்கொண்டது. வெள்ளையாக ஏதோ அசைந்தது, அவ்வளவுதான். என் கை தானாக வெள்ளைக் கொடியைத் தூக்கியது. பழக்கம். மணல் குழியில் அளந்தார்கள். அன்றைக்கு அதுவரை யாரும் தாண்டாத தூரம். எல்லோரும் கை தட்டினார்கள். நான் கண்ணைத் துடைத்துவிட்டுக் களிமண்ணைப் பார்க்கத் திரும்பினேன். உதவிக்கு இருந்தவர் அதற்குள் பூச்சுக் கரண்டியால் களிமண் பட்டையைச் சமன் செய்துவிட்டிருந்தார்.

செயலாளரைத் தனியாகக் கூப்பிட்டேன். அந்தத் தாண்டலை நான் பார்க்கவில்லை என்றேன்.

அவர் முகம் மாறியது. கொடி தூக்கியாகிவிட்டது, அளந்தாகிவிட்டது, விடுங்கள் என்றார். அந்தப் பயிற்சியாளர் காதில் விழுந்தால் முதல் ஃபவுலையும் கிளறுவார், உங்கள் பேர் கெட்டுப்போகும் என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார்.

"பார்த்ததைப் பார்த்தேன்னு அவ்ளோ சத்தமா சொன்னேன், சார். பார்க்காததையும் அதே சத்தத்துல சொல்லணும்."

சொன்னேன். எல்லோர் முன்னாலும். அந்தத் தாண்டலை ரத்து செய்து, அவளுக்கு மறு வாய்ப்புக் கொடுத்தார்கள். அந்தப் பெண் மறுபடியும் ஓடிவந்தாள். இம்முறை கண்ணைப் பிதுக்கித் திறந்துவைத்துக்கொண்டு பார்த்தேன். சுத்தமான தாண்டல். ஆனால் முன்னதைவிட ஒரு சாண் குறைவு. கடைசியில் அவளுக்கு இரண்டாவது இடம். முதலிடம், என்னோடு சண்டைக்கு வந்த பயிற்சியாளரின் மாணவிக்கு. அவளும் அடுத்த சுற்றில் நேர்மையாகத்தான் தாண்டி வாங்கினாள்.

பரிசளிப்பு முடிந்து நான் கொடிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அந்த ஒல்லிப் பெண் வந்தாள். கோபமாகக் கூட இல்லை.

"நீங்க சும்மா இருந்திருக்கலாமே, மிஸ்."

"நான் பார்க்கலைம்மா," என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். பயிற்சியாளர் சொன்னது தோலில் பட்டதோடு சரி. இவள் கேட்டது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. நான் சொன்னது சரி என்று அன்றும் தெரியும், இன்றும் தெரியும். ஆனால் டாக்டரிடம் போகாமல் வீம்பு பிடித்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தது சரியில்லை. அந்த ஒரு சாண் என் தவறு.

இரண்டு நாள் கழித்துச் செயலாளர் போன் செய்தார். அடுத்த போட்டியிலிருந்து நிழலில் உட்கார்ந்து சான்றிதழ் எழுதும் மேஜையைப் பார்த்துக்கொள்ளுங்களேன், உங்கள் கையெழுத்து அழகு என்றார். நான் கண்ணைச் சரி செய்துகொண்டு பலகைக்கே வருகிறேன், அதுவரை எந்த மேஜைக்கும் வரமாட்டேன் என்றேன். இந்த வயதில் எதற்கு மேடம் இவ்வளவு என்றார். போனை வைத்துவிட்டேன்.

அடையாறில் இமை, கண்ணீர்ப் பாதை சம்பந்தமான சிகிச்சையே முதன்மையாகச் செய்யும் ஒரு பெண் டாக்டர் இருப்பதாக விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அண்ணி தானும் வருவேன் என்று ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு வந்தாள்.

அந்த டாக்டர் என் கையில் உருவத்தைப் பெரிதாக்கும் ஒரு முகக்கண்ணாடியைக் கொடுத்தார். முகம் பெரிதாகத் தெரிந்தது. முதலில் இடது கண்ணின் கீழ் இமையை லேசாக இழுத்துக் காட்டினார். மூக்குக்குப் பக்கத்தில், இமையின் ஓரத்திலேயே, குண்டூசி முனை அளவில் ஒரு துளை. மேல் இமையிலும் ஒன்று உண்டு. கண்ணில் ஊறும் நீரெல்லாம் இமைக்கும்போது இந்தத் துளைகள் வழியாக இறங்கி மூக்குக்குள் போய்விடும். அதனால்தான் அழுதால் மூக்கும் ஒழுகுகிறது என்றார். அறுபத்திரண்டு வருடம் என் முகத்திலேயே இருந்த இந்த ஓட்டையை நான் பார்த்ததே இல்லை.

வலது கண்ணைக் காட்டினார். துளை இருக்க வேண்டிய இடத்தில் வெளிறிய ஒரு புள்ளி மட்டும் இருந்தது. வயது ஏறும்போது சிலருக்கு இது சுருங்கி மூடிக்கொள்ளுமாம். சிலருக்குக் கீழ் இமை தளர்ந்து, துளை கண்ணை விட்டு வெளிப்பக்கம் திரும்பிக்கொள்ளுமாம். நீர் அதைத் தொடவே தொடாது. எனக்கு இரண்டும். எப்படித் துடைக்கிறீர்கள் என்று கேட்டார். கர்ச்சீப்பை எடுத்து இழுத்துக் காட்டினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். கீழே இழுக்க இழுக்க இமை இன்னும் வெளியே வரும். மேலே, மூக்குப் பக்கமாக ஒற்றியெடுக்க வேண்டும் என்று என் கையைப் பிடித்தே சொல்லிக்கொடுத்தார். ஒன்றரை வருடமாக நானே என் இமையைக் கெடுத்துக்கொண்டிருந்தேன்.

மஞ்சள் சாயம் விட்டுப் பார்த்தார். இடது கண்ணில் சில நிமிடத்தில் வடிந்துவிட்டது. வலதில் அப்படியே நின்று கன்னத்தில் வழிந்தது. பிறகு மரத்துப்போக மருந்து விட்டு, மெல்லிய கம்பியால் அந்தப் புள்ளியை மெதுவாகத் திறந்து, உப்பு நீரைச் செலுத்தினார். தொண்டையில் உப்புக் கரித்தது. நல்ல செய்தி என்றார் டாக்டர்: உள்ளே பாதை சரியாக இருக்கிறது, வாசல் மட்டும்தான் அடைபட்டிருக்கிறது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணி கேட்டாள்.

"டாக்டரம்மா, மன்சுல கீற துக்கம் இப்டி வராதா?"

டாக்டர் சிரிக்கவில்லை. துக்கத்துக்கு வந்தால் இரண்டு கண்ணிலும் வரும், கொஞ்ச நேரத்தில் நிற்கும் என்று பொறுமையாகச் சொன்னார். இது ஊறுகிற நீர் போக வழியில்லாமல் வெளியே வழிகிறது, அவ்வளவுதான் என்றார். அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். தோற்றுப்போன முகம் இல்லை. பாரம் இறங்கிய முகம்.

அடுத்த வாரமே சிகிச்சை. இமையில் ஊசி போட்டபோது வலித்தது, மற்றபடி விழித்துக்கொண்டே படுத்திருந்தேன். துளையின் வாயைச் சின்னக் கத்தரியால் கொஞ்சம் அகலப்படுத்தினார். தளர்ந்த இமையை உள்பக்கமாக இழுத்துத் தையல் போட்டார். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. அண்ணி ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அடையாற்றுப் பாலத்தில் வண்டி நின்றபோது, ஆற்றுப் பக்கம் பார்க்காமல் கேட்டாள்.

"அப்ப நீ அழுவுறதே இல்லியா, டீச்சரு?"

"அழுதிருக்கேன். உங்க வூட்ட இடிச்சாங்களே, அன்னிக்கி. நீங்க பாத்திரம் எடுத்துக்கினு இருந்தீங்க, பாக்கல."

அவள் என் கையை விடவில்லை. சிக்னல் விழுந்து வண்டி கிளம்பியது. என்னுடைய அழுகை என்று இருந்தது அது ஒன்று, அம்மா போனபோது ஒன்று. அவை எனக்குப் பெரியவை. ஏ.சி. காற்றில் வழிந்த தண்ணீரை அவற்றோடு சேர்த்துப் பேச நான் ஏன் விட வேண்டும்?

கண்ணைச் சுற்றி ஒரு வாரம் கருநீலமாக இருந்தது. கீழ் வீட்டம்மாள் பாத்ரூமில் வழுக்கினீர்களா என்று கேட்டார். பாக்ஸிங் என்றேன். பி.டி. டீச்சர் என்பதால் ஒரு நொடி நம்பிவிட்டார்.

இரண்டு மாதம் கழித்துச் செயலாளர் வீட்டுக்கே போனேன். டாக்டரின் கடிதத்தை நீட்டினேன். அவர் படித்துவிட்டு, மகிழ்ச்சி மேடம், ஆனாலும் என்று இழுத்தார். ஆனாலும் என்றால் என்ன என்று கேட்டேன். பரீட்சை வையுங்கள், பலகைக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் நீங்கள் நம்பும் யாராவது. பெண்கள் பயிற்சிக்குத் தாண்டும்போது இருவரும் தனித்தனியாக எழுதிக்கொள்வோம், பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள் என்றேன். வேறு யார் எதற்கு, நானே உட்காருகிறேன் என்றார்.

ஒரு சனிக்கிழமை காலை, இருபது தாண்டல்கள். எனக்கும் அவருக்கும் பத்தொன்பது ஒத்துப்போனது. ஒன்றில் நான் ஃபவுல் என்று எழுதியிருந்தேன், அவர் சரி என்று எழுதியிருந்தார். களிமண்ணில் தடம் இருந்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. அரை மணி நேரம் குந்தி உட்கார்ந்து சண்டை போட்டோம். பெண்கள் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்கள். அந்த ஒன்றைப் பற்றி இன்றுவரை எங்களுக்குள் உடன்பாடு இல்லை. ஆனால் சண்டையின் நடுவே அவர் ஒரு முறைகூட என் கண்ணைப் பற்றிப் பேசவில்லை. நாற்காலி எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது என்று அப்போதே தெரிந்தது.

அதற்குப் பிறகு ஆறு போட்டிகளுக்கு நடுவராக இருந்துவிட்டேன். அந்த ஒல்லிப் பெண்ணை எந்த மைதானத்திலும் பார்க்கவில்லை. படிப்பு என்று போயிருக்கலாம். பெசன்ட் நகர் கடற்கரையில் காலை நடக்கும்போது வலது கண் இன்னும் கொஞ்சம் ஈரமாகிறது. முழுவதும் நிற்காது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஒற்றியெடுத்துவிட்டு நடக்கிறேன்.

போன மாதம் இடது கண்ணும் ஆரம்பித்துவிட்டது. இந்த முறை வீம்பு பிடிக்கவில்லை. அன்றைக்கே அடையாறுக்குப் போன் செய்தேன். எந்த நாள் வசதி என்று கேட்டார்கள். போட்டி இல்லாத வாரமாகப் பார்த்துக் கொடுங்கள் என்றேன்.